ஓட்டை விழுந்த கார்டு

டிசம்பர் 18, 2003. வியாழன்.

தோப்பும்படி ஸ்டேஷனரிக் கடை ரோசிச்சேச்சி என் கிறிஸ்மஸ் கார்டு இருபத்தஞ்சையும் எடுத்துக்கிட்டாங்க. போன வருஷம், "பிள்ளைங்க ஸ்கூல்ல ஒட்டுறது மாதிரியல்லே இருக்கு"ன்னு திருப்பிக் கொடுத்த அதே சேச்சிதான். இந்தத் தடவையும் வேண்டாம்னா ஓட்டை போடுற பஞ்ச், அச்சு வைக்கிற ஸ்டாம்பு, ஜிகினா எல்லாத்தையும் பரண்ல போட்டுடறேன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லியிருந்தேன்.

ஞாயித்துக்கிழமை மட்டாஞ்சேரி முழுக்கக் கரண்ட் போன நேரத்துலதான் ஒரு தப்பு நடந்தது. தங்கத் தாள்னு நினைச்சு, மடிச்சு வெச்சிருந்த கார்டையே நட்சத்திர ஓட்டை போடுற பஞ்ச்ல விட்டு அமுக்கிட்டேன். முன்னாடியும் ஓட்டை, பின்னாடியும் ஓட்டை. அதுவும் கோணலா. இவர் பார்த்துட்டு, "போச்சா?"ன்னு மட்டும் கேட்டார். எனக்கு எரிச்சல் பொத்துக்கிட்டு வந்துச்சு. பட்டம் செய்யிற மஞ்சள் தாளைக் கிழிச்சு உள்பக்கமா ஒட்டினேன். மெழுகுவத்திக்கு நேரா பிடிச்சுப் பார்த்தா, எதிர்வீட்டு வாசல்ல பல்பு போட்டுத் தொங்கவிடுற நட்சத்திரம் மாதிரியே எரியுது. மீதி இருபத்தினாலுலயும் வேணும்னே ஓட்டை போட்டேன்.

இன்னிக்கு சேச்சி ஒண்ணை எடுத்து டியூப்லைட்டுக்கு நேரா பிடிச்சாங்க. திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க.

"எந்தாடி இது, எவ்வளவு யோசிச்சுச் செஞ்சிருக்கே!"

"ஒரு மாசமா யோசிச்சேன் சேச்சி"ன்னு கூசாம சொன்னேன்.

அந்தக் கோணல் கார்டை மட்டும் விக்க மாட்டாங்களாம். கடைக் கண்ணாடியில ஒட்டியாச்சு.

வர்ற ஞாயித்துக்கிழமை இவரோட மீன் வாங்கப் போறப்ப அந்த வழியாத்தான் போகணும். நான் வாயே திறக்க மாட்டேன். அவரே பார்க்கட்டும்.