குலைக்காரன் என்று பெயர் வைத்த மச்சானுக்கு

மச்சான்,

இன்று காலை எங்கள் தெருவால் கொம்பு இழுக்கிற வடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வாவியில் ஊறப்போட்டு எடுத்த தும்புக் கயிறு. சேறும் உப்பும் கலந்த ஒரு நாற்றம் அதற்கு உண்டே, ஆட்கள் போய் முடிந்த பிறகும் அது வேலிப் படலைக்குள்ளேயே நின்றது. நான் முகம் வழித்துக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

இந்த வருஷமும் மழை இல்லை. சண்டைக்காலம், அரிசிக்குக் கூப்பன், வயலும் வெடித்துக் கிடக்கிறது. மழை வேண்டி அம்மனுக்கு இனிக் கொம்பு முறிக்காமல் சரிவராது என்று கோவிலில் பெரியவர்கள் கூடி முடிவு செய்துவிட்டார்கள். ஊர் மறுபடி அவரவர் பிறப்பின்படி வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. உங்கள் வடசேரியில் இம்முறை வசை பாட ஆளில்லை. இருக்கிறவர்கள் எல்லாம் மூக்கால் பாடுகிறார்கள். நீ இருந்தால் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழும்பியிருப்பாய். அதை நினைத்ததும் எனக்கு உன்னோடு கதைக்க வேண்டும்போல் ஆகிவிட்டது.

நான் பெண்சாதி வீட்டை விட்டு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்து அங்கே போய்க் குடியிருப்பான். மகளுக்கு மாப்பிள்ளை வந்ததும் வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் அதே வளவில் ஒரு சின்ன வீட்டைக் கட்டி ஒதுங்குவார்கள். நாங்களும் அப்படித்தான் ஒதுங்கினோம். பெரிய வீட்டில் பிள்ளையும் வேலையும் வந்துபோகிற சனமும் இருந்தவரைக்கும் தெரியாதது சின்ன வீட்டில் தெரிந்துபோயிற்று: எங்கள் இருவருக்கும் ஒருவரோடொருவர் கதைக்க ஒன்றுமே இல்லை. உப்புக் கூடினால் சண்டை, கதவை அடித்துச் சாத்தினால் சண்டை. பெரியவர்கள் பேசிப் பார்த்தார்கள். கடைசியில் புளியந்தீவுக் கோர்ட்டு வரைக்கும் போய் அது தீர்ந்தது. யாரில் பிழை என்று இனிப் பிரித்துப் பார்க்க எனக்கு ஆசையில்லை.

வீடு அவளுடையது. வளவும் அவளுடையது. மாப்பிள்ளையாய்ப் போன நாள் முதல் நான் உழுத வயலும் அவளுடைய சீதனம். நாற்பதைத் தாண்டிய வயதில் என் கையில் மிஞ்சியது ஒரு உடுப்பு மூட்டை. படலைக்குக் கிட்ட வந்தபோது நான் நட்ட வாழை ஒன்று குலை தள்ளி நின்றது. என்ன பிசாசு பிடித்ததோ, குலையை வெட்டித் தோளில் போட்டுக்கொண்டு பட்டப்பகலில் தெரு நீளத்துக்கு நடந்தேன். வாழைப்பால் சட்டையெல்லாம் வடிந்தது. வேலிக்கு வேலி தலைகள் எட்டிப் பார்த்தன. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

போக ஒரே ஓர் இடம்தான் இருந்தது. எங்கள் அம்மாவின் வீடு. அது தங்கச்சிக்குப் போன வீடு, அவளைக் கட்டிக்கொண்டு நீ வந்திருந்த வீடு. தங்கச்சி என்னைத் தள்ள மாட்டாள் என்று தெரியும். பயந்தது உனக்குத்தான். குடிவந்த வீட்டில் பெண்சாதியின் அண்ணன் மூட்டையோடு வந்து நின்றால் எந்த மனுஷனுக்கும் முகம் சுருங்கும்.

நீ படலையைத் திறந்தாய். என்னைப் பார்த்தாய், மூட்டையைப் பார்த்தாய், குலையைப் பார்த்தாய்.

"மொந்தனா மச்சான்? கறி வைக்கிறதா, பழுக்கப் போடுறதா?"

அவ்வளவுதான் கேட்டாய். "பழுக்கப் போடு" என்றேன். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. நீ குலையை வாங்கிக்கொண்டு குசினிப் பக்கம் போய்விட்டாய், நான் அழுது முடிக்கட்டும் என்று.

பிறகு வந்த ஒரு வருஷத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று உனக்குத்தான் தெரியும். ஊர் என்னோடு மிக நல்லபடியாக நடந்துகொண்டது, அதுதான் கொடுமை. நான் வந்தால் பெண்கள் கதையை நிறுத்தினார்கள். காத்தான்குடியிலிருந்து துணி கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரி, காக்கா என்போமே, ஊரில் பச்சைப்பிள்ளையிடமும் பேரம் பேசுகிறவர், நான் கேட்ட விலைக்கே ஒரு சாரனைத் தந்துவிட்டு மறுபக்கம் பார்த்துக்கொண்டார். எனக்கு அந்தச் சாரனை உடுக்கவே மனம் வரவில்லை. தெருவால் போவதை விட்டேன். எங்கே போவதென்றாலும் வாவிக்கரைக் கண்ணாப் பற்றைகளுக்குள்ளால் சுற்றிப் போனேன். பெரிய வயற்காரப் போடியார் ஒருவரிடம் போய் "எனக்குச் செய்யக் கொஞ்சம் காணி தாருங்கள்" என்று கேட்டால் தருவார். வேலை தெரிந்த கை. ஆனால் கேட்க வாய் வரவில்லை. பெண்சாதி வீட்டில் வேண்டாமென்ற ஆளுக்கு யார் காணி கொடுப்பார்கள் என்று நானே கேள்வியும் கேட்டு நானே பதிலும் சொல்லிக்கொண்டு உன் வயலில் கூலிக்காரனைப்போலக் குனிந்து நின்றேன். நீ ஒருநாளும் என்னை ஏவவில்லை. "என்ன மச்சான், தண்ணி காணுமா?" என்று என்னிடம் கேட்பாய். உன் வயலுக்கு!

அந்த ஆடியிலும் மழை பொய்த்தது. கொம்பு வந்தது. எங்கள் தென்சேரியில் என்னை யாரும் கூப்பிடவில்லை. நானும் அறைக்குள் பாயில் கிடந்தேன். பிற்பகல் நீ வந்தாய், எதிர்ச்சேரிக்காரன்.

"எழும்பு. உன்ட சேரிக்கு வடம் பிடிக்க ஆள் காணாது."

"நான் வரல்ல."

"ஏன், பாடிப் போடுவானுகள் எண்டு பயமா?"

ஓம் என்றேன். உன்னிடம் ஒளிக்க என்ன இருக்கிறது.

நீ பாயின் நுனியைக் காலால் தட்டினாய். "பயப்பிடாத. ஒருத்தனும் உன்னப் பாட மாட்டான். நீ பாவமாம்."

மச்சான், கோர்ட்டில் தீர்ப்பு வாசித்தபோதுகூட அந்தக் குத்து எனக்கு விழவில்லை. எழும்பிச் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு உனக்கு முன்னால் நடந்தேன்.

கொம்பு விளையாட்டின் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். அம்மனும் அவள் புருஷனும் பூப்பறிக்கப் போன இடத்தில் இருவரின் கொக்கைத் தடியும் ஒன்றிலொன்று மாட்டிக்கொள்ள, ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்களாம், புருஷனின் தடி முறிந்ததாம். அதைத்தான் ஊர் இரண்டாய்ப் பிரிந்து, வளைந்த கொம்புகளை மாட்டி, வடம் போட்டு இழுக்கிறது. இழுக்குமுன் ஒரு சேரி மற்றச் சேரியை வசை பாடும். யாரும் கோபிக்கக்கூடாது. பாடப்பட்டவன் திருப்பிப் பாட வேண்டும், அதுதான் முறை. புருஷன் பெண்சாதி இழுபறியையே திருவிழாவாக வைத்திருக்கிற ஊர், என் இழுபறியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போயிற்று.

தாண்டித்தான் போனார்கள். வடத்தைப் பிடித்து வரிசையாக நின்றோம். உங்கள் ஆட்கள் ஆள் ஆளாகப் பாடி வந்தார்கள். எனக்கு முன்னால் நின்றவன் கள்ளுக் குடித்துவிட்டு மாட்டுப்பட்டியில் படுத்த கதை வந்தது. ஊர் சிரித்தது. அடுத்தது நான். பாடினவன் என் முகத்தைப் பார்த்தான், கண்ணைத் தாழ்த்தினான், எனக்குப் பின்னால் நின்றவனுக்குப் போய்விட்டான். என் கை வடத்தில்தான் இருந்தது, நான் அங்கே இல்லை. செத்தவனைத்தான் வசை பாட மாட்டார்கள்.

அப்போது நீ முன்னால் வந்தாய். கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தினாய்.

"வீட்டையும் விட்டான், வளவையும் விட்டான்,
வெத்திலைப் பெட்டியும் விட்டான் – தென்சேரியான்
வெட்டின வாழைக் குலையை மட்டும்
விடமாட்டன் எண்டானாம் பாருங்கடி!"

மைதானம் அடங்கிப்போயிற்று. எங்கள் பக்கத்தில் ஒரு பெரியவர் "டேய், நிப்பாட்டு" என்று சத்தம் போட்டார். என் காது இரண்டும் கொதித்தன. உன்னைப் பார்த்தேன். நீ சிரிக்கவில்லை, இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்து நின்றாய். பாவம் பார்க்கிற கண் அல்ல அது, கடன்காரனைப் பார்க்கிற கண். பாட்டு ஒன்று உனக்குத் தர வேண்டியிருந்தது.

எங்கிருந்து வந்ததென்று தெரியாது, வந்தது.

"குலையைத் தோளில் சுமந்தவன் நான்தான்,
கூட இருந்து திண்டவன் ஆர்? – வடசேரியான்
கூரையும் சுவரும் எங்கம்மா குடுத்தது,
குந்தப் பாயெண்டாலும் கொண்டந்தானோ?"

முதலில் சிரித்தவள் என் தங்கச்சி. உன் பெண்சாதிதான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். பிறகு மைதானமே வெடித்தது. ஒரு வருஷமாக வேலிகளுக்குப் பின்னால் அடக்கி வைத்த சிரிப்பெல்லாம் அன்று வெளியே வந்தது. வடசேரிப் பெண்கள் நின்ற பக்கம் என் கண் போயிற்று. என் பெண்சாதியாய் இருந்தவளும் நின்றாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஒரே விஷயத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து எத்தனையோ காலம். அந்த நிமிஷத்தோடு எனக்கு அவள்மேல் இருந்த கோபம் கழன்றுபோயிற்று. அதற்காகவும் உனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அன்று முறிந்தது எங்கள் கொம்புதான். மழையும் உடனே வந்துவிடவில்லை. ஆனால் மறுநாள் நான் தெருவால் நடந்தேன். சின்னப் பிள்ளைகள் "குலைக்காரன், குலைக்காரன்" என்று பின்னால் வந்தார்கள். துரத்தினேன், ஓடினார்கள். காக்கா அடுத்த தடவை வந்தபோது ஒரு துவாய்க்குப் பாதி நாள் என்னோடு பேரம் பேசினார், கடைசிவரை இறங்கவில்லை. அவரைக் கட்டிப்பிடிக்கலாம்போல் இருந்தது.

பிறகு ஒருநாள் உன்னிடம் கேட்டேன், அந்தப் பாட்டை எப்போது கட்டினாய் என்று.

"நீ குலையோட படலைக்குள்ள வந்த அண்டைக்கே கட்டிட்டன். ஒரு வருசமா அடக்கி வச்சிருந்து என்ட வயிறு ஊதிப் போச்சு மச்சான்."

"அப்ப ஏன் அண்டைக்கே பாடல்ல?"

"அண்டைக்கு நீ தாங்க மாட்டாய். மறுகா, இன்னும் நாள் போக விட்டா, நீ எழும்ப மாட்டாய்."

அந்தக் கணக்கு உனக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

உன்னிச்சைப் பக்கம் போடியாரிடம் காணி கேட்கத் தோணியேறிப் போனேனே, நீ துணைக்கு வருகிறேன் என்றாய், வேண்டாம் என்று தனியாகத்தான் போனேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "நீதானே அந்தக் குலைக்காரன்?" என்றார். முந்தின வருஷமென்றால் அப்படியே கிறுகித் திரும்பி வந்து வாவியில் விழுந்திருப்பேன். "ஓம், நான்தான்" என்றேன். அவர் சிரித்தார். காணியும் தந்தார். முதல் வெள்ளாமை வெட்டினபோது மகளுக்கு வண்டிலில் நெல் அனுப்பினேன். வயலில் வேலைக்கு நின்றவர்கள் எனக்குப் பின்னால் "குலைப் போடியார்" என்று சொல்வது எனக்குக் கேட்கும். கேட்காததுபோல் இருப்பேன், உள்ளுக்குள் இனிக்கும்.

அந்த நெல்லில்தான் உங்கள் வளவின் மூலையில் எனக்கென்று ஒற்றை அறை கட்டினேன். "ஆம்பிளைக்கு என்னத்துக்கு வீடு? ஆருக்குச் சீதனம் குடுக்கப் போறாய்?" என்று ஊர் கேட்குமுன் நீயே கேட்டுவிட்டாய். கேட்டுக்கொண்டே சுவருக்கு மண் குழைத்துத் தந்தவனும் நீதான். பெண்சாதி வீட்டில் இருக்கிறவன் ஒருவன், பெண்சாதி வீட்டை விட்டு வந்தவன் ஒருவன், இரண்டு பேரும் முழங்கால்வரை சேற்றில் நின்று ஒரு வீடு கட்டினோம். வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த நாட்கள் அவைதான். அப்போது உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு பாட்டுக் கட்டியிருப்பாய்.

போன மாரிக்காலத்தில் அந்தக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. கைமருந்து, புளியந்தீவு டாக்டர், அம்மனுக்கு நேர்த்தி எல்லாம் பார்த்தோம். உன் செத்த வீட்டுக்கு என் பழைய பெண்சாதியும் வந்தாள். தங்கச்சிக்குப் பக்கத்தில் இருந்து அழுதாள். போகும்போது என்னிடம் வந்து, "உங்களோட சண்டை பிடிக்க இனி ஆரிருக்கா?" என்றாள். நல்ல மனதோடுதான் கேட்டாள்.

உண்மைதான் மச்சான், ஒருவரும் இல்லை. இப்போது எனக்கு ஊரில் நல்ல மதிப்பு. வயது போய்விட்டது, காணி செய்கிறேன், கோவில் காரியம் பார்க்கிறேன். நான் போனால் எழும்பி நிற்கிறார்கள். ஐயா என்கிறார்கள். எழும்பி நிற்கிறவர்கள் நடுவில் சில நேரம் அந்தப் பழைய வருஷத்துக் குளிர் எனக்கு மறுபடி வருகிறது. ஆனால் குனிந்து போவதில்லை. என்னை நானே பார்த்துச் சிரிக்க நீ பழக்கிவிட்டுப் போயிருக்கிறாய். உன் குரலையே எடுத்து, நீ சொல்லக்கூடியதை நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

முந்தாநாள் மத்தியானம் சேற்றுக் காலோடு வந்து, தங்கச்சி கூட்டி வைத்த முற்றத்தில் மிதித்துவிட்டேன். "வாறார் பெரிய போடியார், முத்தத்திலயும் நாத்து நடப்போறாராம்" என்று சத்தமாகவே வந்துவிட்டது. குசினிக்குள்ளிருந்து தங்கச்சி கேட்டாள்:

"அண்ணன், ஆரோட கதைக்கிறீங்க?"

"உன்ட மனுசனோடதான்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். பானையை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்:

"அப்ப கேட்டுச் சொல்லுங்க, அந்தப் பாக்குவெட்டிய எங்க வச்சவரெண்டு. நானும் தேடாத இடமில்ல."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடிய நெடுநேரம் சென்றது. பாக்குவெட்டி இன்னும் கிடைக்கவில்லை மச்சான். எங்கே வைத்தாய்?