இன்னும் வாங்காத கார்

நவம்பர் 4

இன்றைக்கும் காலைச் சாப்பாடு முழுக்கக் கார் பேச்சுதான். அவர் மடிக்கணினியைத் தட்டுக்குப் பக்கத்தில் திறந்து வைத்திருந்தார். திரையில் ஓர் அட்டவணை, மூன்று பத்தி: மின்சாரம், டீசல், பெட்ரோல். மூன்றும் பெரிய சொகுசு செடான்கள். மூன்றிலும் நாலு சக்கரத்துக்கும் இழுவை உண்டு. தலைமைப் பொறியாளர் ஆனதும் அப்படி ஒன்று வாங்குவேன் என்று கல்யாணமான புதிதில் சொன்னவர். ஆகி ஒன்றரை வருஷமாகிறது.

பழைய வண்டியை அக்டோபர் கடைசியில் விற்றுவிட்டார். கேட் தூணில் இடித்து முன்பக்கம் நசுங்கியிருந்தது. "பனி விழறதுக்குள்ள புதுசு வந்துடும்" என்றார். நேற்று முதல் பனி விழுந்துவிட்டது.

அவரை மின் நிலையத்துக்கு ஜீப் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. எனக்கு இந்த மலை மேல் அதிகாரிகள் குடியிருப்பின் எட்டு வீடு, ஒரு இரும்புக் கேட். வாசலிலிருந்து கேட்டுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு அடி. எண்ணிப் பார்க்கிற அளவுக்கு நேரம் இருக்கிறது.

நவம்பர் 9

கீழே ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம்! எக்ஸ்ரே பிரிவில் வாரம் மூன்று நாள் வேலை. ஜனவரி இரண்டாம் தேதி சேர வேண்டும். டிசம்பர் இருபதுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

நாலு வருஷம் ஆகிவிட்டது நான் இயந்திரத்தைத் தொட்டு. அவருக்கு இங்கே மாற்றல் வந்தபோது விட்டது. பாத்திரம் கழுவிக்கொண்டே "மூச்சை இழுத்துப் பிடிங்க... அசையாதீங்க... இப்ப விடலாம்" என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். குரல் அப்படியே இருக்கிறது.

அவரிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். "நல்ல விஷயம்தான். முதல்ல வண்டி வரட்டும்" என்றார்.

நாற்பத்தாறு கிலோமீட்டர், இருபத்தெட்டு கொண்டை ஊசி வளைவு. பனி கூடினால் பேருந்தும் ஓடாது. வண்டி இல்லாமல் முடியாது என்பது உண்மைதானே.

நவம்பர் 16

ஜீப்பில் கீழே இறங்கி ஷோரூம் போனோம். விற்பனையாளர் முப்பது வயதுக்காரர், எதற்கெடுத்தாலும் சிரிக்கிறார். மூன்று வண்டியையும் மலையடிவாரத்தில் ஓட்டிப் பார்க்க ஏற்பாடு செய்திருந்தார்.

"நீ ஓட்டு. நான் பக்கத்துல உக்காந்து கவனிக்கறேன்" என்றார் இவர். எனக்கே ஆச்சரியம். பழைய வண்டியில் ஸ்டியரிங்கை எனக்குக் கொடுக்கவே மனசு வராது.

டீசலுக்கு யானை பலம். ஏற்றத்தில் மூச்சு வாங்காமல் ஏறுகிறது. பெட்ரோல் கைக்கு அடக்கமாக இருக்கிறது, வளைவில் மூக்கைத் திருப்பினால் உடல் தானாக வருகிறது. மின்சார வண்டியில் சத்தமே இல்லை. இறக்கத்தில் காலைத் தூக்கினால் போதும், பிரேக்கைத் தொடாமலே வேகம் குறைகிறது, பேட்டரியும் ஏறுகிறது. "பனி வழுக்கும்போது அந்த இழுப்பைக் குறைச்சு வச்சுக்கணும், மேடம். அதுக்குத் தனியா ஒரு பட்டன் இருக்கு" என்றார் சிரிப்புக்காரர்.

அந்த முக்கால் மணி நேரம் நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது. இவரைத் திரும்பிப் பார்த்தேன். கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கவனிக்கிறார் என்று நினைத்தேன்.

நவம்பர் 23

மின்சாரம் வேண்டாமாம். குளிரில் பேட்டரி மூன்றில் ஒரு பங்கு போய்விடுமாம்.

"போனாலும் இங்கேருந்து போய் வர்ற தூரத்துக்கு ரெண்டு மடங்கு மிச்சம் இருக்குமே?"

"நடுவுல மாட்டிக்கிட்டா? ஹீட்டர் ஓடிட்டே இருக்கணும்ல?"

மின்சாரம் உற்பத்தி பண்ணுகிற மனிதருக்கு மின்சாரத்தின் மேல் நம்பிக்கை இல்லை. சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை.

நவம்பர் 27

டீசலும் வேண்டாமாம். கடுங்குளிரில் டீசல் மெழுகு மாதிரி உறைந்து குழாயை அடைக்குமாம். அதற்குத்தான் குளிர்கால டீசல் விற்கிறார்களே என்றேன். "எல்லா பங்க்லயும் ஒழுங்கா குடுப்பான்னு என்ன நிச்சயம்?"

டிசம்பர் 1

பெட்ரோல் வண்டி எடை குறைவு, அதனால் வழுக்கும். போன வாரம் மின்சார வண்டி எடை அதிகம், அதனால் வழுக்கும் என்றார்.

மகள் விடுதியிலிருந்து போன் பண்ணினாள். "அம்மா, அப்பா கார் வாங்கறாரா, கார்ல ஆராய்ச்சி பண்ணிப் பட்டம் வாங்கறாரா?" இரண்டு பேரும் சிரித்தோம். போனை வைத்த பிறகு அழுகை வந்தது. எதற்கென்று தெரியவில்லை. ஜன்னல் விளிம்பு வரை பனி. வெளியே பார்த்தால் வெள்ளை, உள்ளே பார்த்தால் அதே நாலு சுவர், சுவருக்குள் நாள் முழுக்க டர்பைனின் ரீங்காரம்.

டிசம்பர் 8

பேருந்தை நிறுத்திவிட்டார்கள். இனி மார்ச்சில்தான்.

டிசம்பர் 15

நிதானமாக எழுத வேண்டும்.

பத்து மணிக்கு வீட்டு போன் அடித்தது. சிரிப்புக்காரர். இன்றைக்குச் சிரிக்கவில்லை.

"மேடம், சார் போன் எடுக்கல. இந்தத் தடவையாவது உறுதியான்னு கேக்கத்தான்."

"எந்தத் தடவை?"

அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னார். நவம்பர் பதினெட்டில் மின்சார வண்டியை இவர் பதிவு செய்திருக்கிறார். இருபத்திரண்டில் ரத்து. பிறகு டீசல், மூன்றே நாளில் ரத்து. பிறகு பெட்ரோல். அது தயாராக நின்ற அன்றே ரத்து. நேற்று மறுபடி மின்சாரத்துக்குக் கேட்டிருக்கிறார். "எங்க மேல ஏதாவது வருத்தமா மேடம்?"

ஆக வண்டி கிடைக்காமல் இல்லை. எது நல்லது என்று தெரியாமலும் இல்லை. வாங்கினால் நான் போய்விடுவேன், அதனால்தான் வாங்கவில்லை. வேறு என்ன காரணம் இருக்க முடியும்? ஒன்றரை மாசமாகத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குப் போடும் பூட்டையா?

சாயங்காலம் அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கேட்டேன். "மூணு தடவை பதிஞ்சு மூணு தடவை ரத்து பண்ணீங்களா?"

முகம் வெளுத்தது. "யார் சொன்னா?"

"நான் வேலைக்குப் போறது உங்களுக்குப் பிடிக்கலன்னா நேரா சொல்லியிருக்கலாமே. எதுக்கு இந்த நாடகம்?"

"அப்படி இல்ல."

"பின்ன எப்படி?"

ஒரு ஷூவோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

டிசம்பர் 16

பேசவில்லை.

டிசம்பர் 17

பேசவில்லை. அவர் மடிக்கணினியையும் திறக்கவில்லை.

டிசம்பர் 19

இன்று நான் செய்த காரியத்தை முழுதாக எழுதி வைக்க வேண்டும்.

ஏழரைக்குப் பனி அள்ளும் வண்டி கேட்டுக்கு வந்து திரும்பும். வாரம் முழுக்கப் பார்க்கிறேன். பையை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டில் நின்றேன். ஓட்டுநர் ஐம்பது வயதுக்கு மேல், மீசையில் பனி. "கீழ ஆஸ்பத்திரிக்குப் போகணும்ணே. கூட்டிட்டுப் போவீங்களா?"

"உடம்புக்கு முடியலையாம்மா?"

"இல்ல, வேலைக்கு."

யோசித்தார். பிறகு கதவைத் தள்ளித் திறந்துவிட்டார். ஏறுவதற்குள் முட்டி சிராய்த்துவிட்டது.

அவ்வளவு உயரத்திலிருந்து அந்தப் பாதையை நான் பார்த்ததே இல்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை. பேச்சு கொடுக்க வேண்டுமே என்று, எந்த வண்டி இதற்குச் சரி என்று கேட்டேன்.

"என்ஜின் எதுவா இருந்தா என்னம்மா. ரோட்டைப் பிடிக்கறது டயர். குளிர்கால டயர் போட்டு, மெதுவா போறவன் வீட்டுக்குப் போய்ச் சேருவான்." ஒரு வளைவைத் தாண்டியதும், "சார் இப்ப பரவாயில்லையா?" என்றார்.

"அவருக்கு என்ன?"

"அன்னிக்கு இங்கதானேம்மா." கையால் காட்டினார். தடுப்புச் சுவரில் ஒரு கல் இல்லை. "அக்டோபர்ல, ரோட்டுல லேசா ஐஸ் பிடிச்ச அன்னிக்கு. வண்டி சுத்தி, முன்சக்கரம் ஒண்ணு வெளிய தொங்கிட்டிருந்துச்சு. சார் உள்ளேயே உக்காந்திருந்தார். அசைஞ்சா போயிடும்னு ரெண்டு மணி நேரம் மூச்சைப் பிடிச்சுட்டு இருந்திருக்கார். நான் சங்கிலி போட்டு இழுத்த பிறகும் ஸ்டியரிங்க விட மாட்டேங்கறார். ஒவ்வொரு விரலா நான்தான் பிரிச்சு எடுத்தேன்."

கேட் தூணில் இடித்தது என்று நான் நம்பினேனே. கேட் தூணில் ஒரு கீறலாவது இருக்கிறதா என்று பார்க்கக்கூடத் தோன்றவில்லையே.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவின் தலைவி என்னைவிட இளையவர், கறாரானவர். "மலை மேல இருந்து வர்றீங்க. தவறாம வர வண்டி இருக்கா?"

"இருக்கு" என்றேன். இல்லாத வண்டி. கையெழுத்துப் போட்டேன்.

திரும்பும்போதும் அதே வண்டி. வழியெல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தையே நினைத்துக்கொண்டு வந்தேன். அன்று நான் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தேன்? திரைச்சீலை துவைத்தேன் என்று ஞாபகம். வந்தவர் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். சோறு குறைவாகப் போடு என்றார். அவ்வளவுதான்.

டிசம்பர் 20

காலையில் கேட்டேன். சண்டைக்கு இல்லை.

"அந்த வளைவுல என்ன நடந்ததுன்னு எனக்குத் தெரியும். ஏங்க சொல்லல?"

டம்ளரைத் தள்ளி வைத்தார். "என்னன்னு சொல்றது? முந்நூறு பேருக்கு மேலதிகாரி, கார்ல உக்காரப் பயப்படறான்னா?" பிறகு, "பதியறப்ப தைரியமா இருக்கு. வண்டி ரெடின்னு போன் வந்தா அன்னிக்கே ரத்துன்னு சொல்லிடறேன். எது எடுத்தாலும் அதுல நான் தொங்கற மாதிரியே தெரியுது. இப்ப நீயும்."

"நான் போறதைத் தடுக்கறதுக்குன்னு நினைச்சேன்."

"அதுவும்தான்" என்றார். பொய் சொல்லவில்லை. "நீ அந்த ரோட்டுல இருக்கறப்ப நான் இங்க எப்படி இருப்பேன்? அதை ஒரு பத்தியில போட முடியுமா?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "ரெண்டாம் தேதி நான் போகணும். ஓட்டறது நான். எந்த வண்டின்னு நான் சொல்றேன். ரத்து பண்ணாம இருக்க மட்டும் முடியுமா உங்களால?"

தலையாட்டினார். சரி என்பதா, முடியாது என்பதா?

டிசம்பர் 22

மின்சார வண்டி. என் காரணங்கள்: போகிற நாளெல்லாம் ஒரே தூரம். வீட்டுப் பக்கத்துக் கார் கொட்டகையில் சார்ஜ் ஏறும். சிரிப்புக்காரரிடம் கேட்டேன், நடுவில் மாட்டினாலும் முழு சார்ஜில் ஒரு நாள் முழுக்கச் சூடு தாங்குமாம். எல்லாவற்றுக்கும் மேல், பனிக்காக இழுப்பைக் குறைத்து வைத்தாலும், இறக்கத்தில் அவசரப்பட்டு பிரேக்கை மிதிக்க வேண்டிய அவசியம் குறைவு. முதல் நாளிலிருந்தே குளிர்கால டயர் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டேன்.

ஷோரூமில் ஓட்டிக் காட்ட வைத்திருக்கும் வண்டி ஒன்று சீக்கிரமே கிடைக்கும் என்றார் சிரிப்புக்காரர். அதையே பதிவு செய்தோம்.

டிசம்பர் 27

ரத்து ஆகவில்லை. தினமும் ஷோரூமுக்குப் போன் பண்ணிக் கேட்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

டிசம்பர் 30

கறுப்பு நிறம். கொட்டகையில் நிற்கிறது. அவர் இன்னும் கொட்டகைப் பக்கம் போகவில்லை.

ஜனவரி 2

ஆறேகாலுக்குக் கிளம்பினேன். கேட் வரை கூட நடந்து வந்தார். "போன் பண்ணு" என்று சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று உதட்டை மடித்துக்கொண்டு நின்றது தெரிந்தது.

முதல் பத்து வளைவு வரை என் தோள் காதைத் தொட்டுக்கொண்டிருந்தது. பத்தொன்பதில் பின்பக்கம் ஒரு முழம் வழுக்கியது. ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பாமல் விட்டேன், தானே பிடித்துக்கொண்டது. வியர்வை. நிறுத்த முடியாது, நிறுத்த இடமில்லை. ஒரு மணி ஐம்பது நிமிஷம். பதினொரு பேருக்கு எக்ஸ்ரே எடுத்தேன். தோள்பட்டை உடைந்த ஒரு மரவெட்டி, "உங்க குரல் கேட்டா பயம் இல்லம்மா" என்றார்.

எனக்கும் பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஜனவரி 16

பனி அள்ளும் வண்டிக்காரர் கண்ணாடியை இறக்கி நிறுத்தினார். "ஏம்மா, சார் எனக்கு ஒரு நாளைக்கு நாலு தடவை போன் பண்றார். ரோடு எப்படின்னு கேக்கறார். உங்களைப் பத்திக் கேக்கவே இல்ல. நானே, அம்மா தாண்டிப் போயிட்டாங்க சார்னு சொல்லி வச்சிடறேன்."

பிப்ரவரி 11

பனிச்சரிவு விழுந்து பாதை மூடிவிட்டது. கீழே நர்ஸ்கள் அறையில் இரண்டு நாள். முதலில் இவருக்கு எப்படிச் சொல்வது என்று தயங்கினேன்.

"அங்கேயே இரு. திறந்தாலும் உடனே கிளம்பாத, ஒரு நாள் போகட்டும்" என்றார். குரலில் நடுக்கம் இருந்தது. ஆனாலும் அவர் வாயாலேயே "அங்கேயே இரு".

நர்ஸ்கள் அறையில் ஜன்னலே கிடையாது. நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 9

ஞாயிறு. வேலை இல்லை. கூரையிலிருந்து பனி சொட்டிக்கொண்டே இருக்கிறது. நான் அடுப்படியில் இருந்தேன். அவர் கேட் வரை நடக்கப் போவதுபோல ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியே ஏதோ அசைந்தது. சத்தமில்லாத வண்டி, பார்க்காமல் இருந்தால் தெரிந்திருக்காது. கொட்டகையிலிருந்து கறுப்பு மூக்கு மெல்ல வெளியே வந்தது. பத்தடி. நின்றது. திரும்பப் பின்னால் போனது. மறுபடி முன்னால், இந்தத் தடவை முதல் வீட்டு வாசல் வரை. உள்ளே அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், பரீட்சை எழுதுகிறவர் மாதிரி. மூன்று முறை. நான் விளக்கைப் போடாமல் சுவரோரமாக நகர்ந்து நின்றுகொண்டேன்.

உள்ளே வந்தார். காது சிவந்திருந்தது.

"டயர்ல காத்து பாத்தேன்" என்றார்.

"சரியா இருக்கா?"

"முன்பக்கம் வலது கொஞ்சம் சந்தேகமா இருக்கு. நாளைக்கும் எடுத்துப் பாக்கறேன்."