பழகிரும் என்று ஊற்றிய மீன்

எப்போதும் ஈரக்கையோடு கடையில் நின்ற என் பேச்சியக்காவுக்கு,

நீ ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துத் தொட்டியில் சேர்த்த மீன்களில் இப்போது மிஞ்சியிருப்பவை மூன்றுதான். மற்றவையெல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், நம் கடையில், பெரிய மனிதர்கள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே செத்துப் போயின. கொன்றது யார் என்று உனக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஊரில் நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும், எனக்கென்ன வந்தது?

தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற சாலையில் நீ தொடங்கிய வளர்ப்பு மீன் கடையை இப்போது நான்தான் நடத்துகிறேன். எனக்குப் பொறுமை கிடையாது, வாய் துடுக்கு என்று நீ திட்டுவாய். மீன் விஷயத்தில் உனக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? சீசன் நேரத்தில் குற்றாலத்தில் குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு வந்து, "அதுல ரெண்டு, இதுல ரெண்டு, கலர் கலராப் போடுங்க" என்பார்கள். நீ கவரைக் கீழே வைத்துவிட்டு, "வீட்ல தொட்டி எத்தன அடி? ஏற்கெனவே என்னெல்லாம் கெடக்கு?" என்று விசாரணை ஆரம்பிப்பாய். வியாபாரம் பண்ணுகிறவள் பேசுகிற பேச்சா அது?

கப்பி வளர்க்கிற ஒருவர் டைகர் பார்ப் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாரே, நினைவிருக்கிறதா? "அண்ணாச்சி, அது வாலு வாலாக் கடிச்சுத் துப்பும். கப்பி அழுகி அழுகிச் சாவும். காசு குடுத்துக் கொலைய வாங்கிட்டுப் போகாதீங்க" என்றாய். நியான் டெட்ரா கிடக்கிற தொட்டிக்கு ஏஞ்சல் கேட்டவரிடம், "இன்னைக்குக் குட்டி, நாளைக்கு அது வாய் பெருசாகும். வாய்க்குள்ள போற அளவுல இருந்தா அது கூட்டாளி இல்ல, தீனி" என்றாய். கப்பி வாங்க வருகிறவர்களுக்கு ஆணைவிடப் பெண்ணை அதிகமாகப் போட்டுக் கொடுப்பாய். "ஆம்பள கூடிப்போனா ஒரு பொட்டையவே வெரட்டி வெரட்டிக் கொன்னுரும்" என்று ஒருமுறை சொல்லிக்கொண்டே ரவிக்கைக் கையை இழுத்துவிட்டாய். அதற்குள் நான் அந்தக் கன்றிப்போன தழும்பைப் பார்த்துவிட்டேன்.

புது மீன் வந்தால் நீ நேராகத் தொட்டியில் விட்டதே இல்லை. ஓட்டை போட்ட அந்தக் கண்ணாடித் தடுப்பை நடுவில் சொருகி, புதுசை அந்தப் பக்கம், பழசுகளை இந்தப் பக்கம் விட்டு நாள் கணக்கில் பார்ப்பாய். தடுப்பில் வந்து வந்து முட்டுகிற மீனை எவ்வளவு அழகாக இருந்தாலும் சேர்க்க மாட்டாய். "முட்டுதது முட்டிக்கிட்டேதான் இருக்கும் செல்வி. பழகிரும்னு நெனச்சுத் தடுப்ப எடுத்துரக் கூடாது" என்பாய்.

உனக்கு யாரக்கா தடுப்பு வைத்துப் பார்த்தார்கள்? மாமா ஜாதகக் கட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்து, பொருத்தமெல்லாம் பிரமாதம் என்று சொன்னார். அம்மாவுடன் பிறந்த ஒரே அண்ணன், அவர் சொன்னால் மறுபேச்சு உண்டா? உதடு கிழிந்து நீ இலஞ்சியில் நம் வீட்டுக்கு ஓடி வந்தபோது அவர்தான் உன்னைத் திரும்பக் கொண்டுபோய் விட்டார். "புதுசுல அப்பிடித்தாம்ட்டி இருக்கும். பழகிரும்" என்றார். கையில் கட்டோடு வந்தாய். அப்போதும் பழகிரும். அன்றைக்கு நான் செம்பைத் தூக்கி அவர் மேல் எறிந்தேன், சுவரில் பட்டு நசுங்கியது. அவர் மண்டையில் பட்டிருந்தால் ஒருவேளை புத்தி வந்திருக்குமோ என்னவோ.

பிறகு உன்னை ஆஸ்பத்திரியில்தான் பார்த்தேன், வெள்ளைத் துணிக்குள். "சாரல் ஈரம், துவைக்கிற கல்லுகிட்ட பாசி, வழுக்கி விழுந்துட்டா" என்று உன்னைக் கட்டியவன் எல்லோரிடமும் சொன்னான். அத்தான் என்று கூப்பிட்ட வாய் இது. இனி அவன் பெயர்கூட இதில் வராது. ஆனால் உன் மகள் வைஷு புறவாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பார்த்ததைப் போலீஸில் அப்படியே சொன்னாள். அதனால்தான் அவன் உள்ளே போனான். இப்போது ஜாமீனில் வெளியே திரிகிறான். வழக்கு விசாரணைக்கு வந்துவிட்டது, நாளை வைஷு கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டும். அவள் வாய்ச்சொல்தான் எல்லாமே என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை சமாதானம் பேச வந்தார்கள். மாமாவும் அவனுடைய அண்ணனும். கையில் ஒரு பெரிய கவர், அதற்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஃபிளவர்ஹார்ன். நெற்றியில் கொழுக்கட்டை வைத்தது மாதிரிப் புடைப்பு.

"அப்பா ஒனக்குன்னு குடுத்துவிட்டுருக்காவ" என்று அந்த அண்ணன்காரன் வைஷுவிடம் இளித்தான். "வாஸ்துக்கு ரொம்ப ராசி. இது இருக்க எடத்துல சண்ட சச்சரவே இருக்காதாம்."

கடையில் ஆட்கள் நின்றதால் பல்லைக் கடித்துக்கொண்டு டீ வாங்கிக் கொடுத்தேன். மாமா ஸ்டூலில் உட்கார்ந்து ஆரம்பித்தார்.

"போனவ போய்ட்டா. இருக்கவ வாழ்க்கையப் பாக்கணும்லா? அப்பன் ஜெயிலுக்குப் போனான்னா நாளைக்கு இந்தப் புள்ளய எவன் கட்டுவான்? பயத்துல என்னமோ சொல்லிட்டேன், சரியாப் பாக்கலன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு. அப்புறம் அவ அப்பன்கூடப் போய் இருந்துக்கிடட்டும்."

"கொன்னவன்கூடயா?" என்று கேட்டேன்.

"ஏட்டி, வார்த்தைய அளந்து பேசு" என்று எழுந்தார். எழுந்தவர், பேச்சு முடிந்துவிட்டது என்பதுபோல அந்தக் கவரை எடுத்து உன் தொட்டிக்கு மேலே பிடித்தார். விற்பனைக்கில்லை என்று நீயே எழுதி ஒட்டிய தொட்டி அக்கா அது. நான் "ஊத்தாதீங்க!" என்று கத்திக்கொண்டு அவர் கையைப் பிடித்தேன். அவர் என்னை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். நான் பின்னால் இருந்த ரேக்கில் போய் விழுந்தேன், காலித்தொட்டி ஒன்று உடைந்து முழங்கையைக் கிழித்தது. எழுந்து பார்க்கும்போது ஊற்றிவிட்டிருந்தார்.

முதலில் அது மூலையில் போய் வெளிறி நின்றது. "பாத்தியா, எவ்ளோ சாதுவா நிக்கி!" என்றார் மாமா. நான் வலையை எடுத்தேன். தொட்டிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டார். "தொடாத. கொஞ்ச நேரம் விடு. பழகிரும்."

பழகியது. அவர் முதுகுக்குப் பின்னால் அதன் மேல் சிவப்பு ஏறுவதை நானும் வைஷுவும் பார்த்தோம். ஒரு நியானை விழுங்கியது, அடுத்ததை விழுங்கியது. உன் செல்லம், அந்த நீல வால் கப்பியை நடு உடம்பில் கவ்வி உதறியது. தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம். பிளாட்டிகள் கண்ணாடியில் முட்டி முட்டித் துள்ளின, ஒன்று வெளியே வந்து மாமா செருப்பில் விழுந்தது. மிச்சமெல்லாம் ஒரே மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன. அது அவசரமே படவில்லை. பசிக்காக அல்ல, இடம் தனக்கு வேண்டும் என்பதற்காகவே ஒவ்வொன்றாகக் கிழித்தது. தண்ணீரில் செதில்கள் மினுங்கிக்கொண்டு இறங்கின. நான் கண்டபடி வைதேன், என்னென்ன வைதேன் என்று எழுதினால் காகிதம் கிழிந்துவிடும். அண்ணன்காரன் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றான்.

வைஷு அழவில்லை. என் கையிலிருந்த வலையை வாங்கி, மாமாவின் கைக்கு அடியில் குனிந்து போய், ஒரே வீச்சில் அதை அள்ளி வாளியில் போட்டாள். அச்சு அசல் உன் கை. நான் அரிவாள்மனையை இழுத்தேன். "அந்தச் சவத்தக் குடுட்டி, வெட்டிப் பூனைக்குப் போடுதேன்."

வாளியைத் தன் பின்னால் நகர்த்தி வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "வேண்டாம் சித்தி. அது அப்பிடித்தான் இருக்கும், அது தனியா கெடக்கணும். மீன் மேல தப்பில்ல." பிறகு நிமிர்ந்து மாமாவைப் பார்த்தாள். "ஊத்துனது நீங்கதான தாத்தா? அம்மாவையும் நீங்கதான கொண்டுபோய் கொண்டுபோய் விட்டீங்க?"

கடையில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். அவள் பெரியப்பன் பக்கம் திரும்பினாள். "அம்மா வழுக்கி விழல. அப்பாதான் முடியப் புடிச்சுக் கல்லுல இடிச்சாவ. நான் பாத்தேன். அதத்தான் சொல்லுவேன்."

இடிச்சாவ என்றாள் அக்கா. அப்போதும் அப்பாவுக்கு அந்த மரியாதையை விடவில்லை. எனக்கு அதைக் கேட்டுத்தான் அழுகை வந்தது.

அண்ணன்காரன் டம்ளரை வைத்துவிட்டு இறங்கிப் போனான். மாமா தன் செருப்பில் செத்துக் கிடந்த பிளாட்டியைக் குனிந்து பார்த்தார். "அது இப்பிடிப் பண்ணும்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார். உனக்கு நடந்ததற்கும் அதையேதான் சொல்வாரா? கடையை விட்டு இறங்குங்கள் என்று மட்டும் சொன்னேன்.

மிஞ்சியவை அடியில் பதுங்கியிருந்த இரண்டு கோரியும், வால் பாதி போன ஒரு கறுப்பு மோலியும். மருந்து போட்டிருக்கிறேன், மோலி இன்று தீனி எடுத்தது. சாரலில் தண்ணீர் சில்லிட்டுப் போகிறது, ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த ஃபிளவர்ஹார்ன் பின்கட்டில் தனித் தொட்டியில் கிடக்கிறது. வைஷுதான் தீனி போடுகிறாள். நான் அந்தப் பக்கம் போவதில்லை. என் மனசு இன்னும் ஆறவில்லை, உன்னைப்போல எனக்கு அவ்வளவு பெரிய மனசும் இல்லை.

இன்று சாயங்காலம் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தோம். உன் தடுப்பைத் துடைத்துக்கொண்டே வைஷு கேட்டாள்: "சித்தி, நாளைக்குக் கோர்ட்டுல அப்பாவும் நிப்பாவல்லா?"

"ஆமாட்டி."

"நடுவுல தடுப்பு இருக்குமா?"

அந்தக் கண்ணாடியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மாமாவையே எதிர்த்து நின்ற பிள்ளை அக்கா, அவனை நினைத்தால் இன்னும் பயப்படுகிறாள். "நான் இருப்பேன்" என்றேன்.

கோர்ட்டில் என்னை அவள் பக்கத்தில் நிற்க விடுவார்களா என்று எனக்குத் தெரியாது. விடாவிட்டால் வாசலில் நிற்பேன். வழியில் நிற்பேன், வீட்டுப் படியில் நிற்பேன். சொந்தமே திரண்டு வந்து பழகிரும் என்று சொன்னாலும், என் உயிர் இருக்கிறவரை நடுவிலிருந்து நகர மாட்டேன். இது உன் மேல் சத்தியம்.

உனக்குப் பின்னால் பிறந்தவள்,
இனி உன் மகளுக்கு முன்னால் நிற்பவள்,
தங்கச்சி செல்வி