இடம் மாறிய ஷாங்காய்

9.3.2004, செவ்வாய்

ஷாங்காய்க்குப் பயிற்சிக்காகப் போனபோது நான் எடுத்த இரவுப் படம் இன்று எங்கள் தொழிற்சாலை வரவேற்பறையில் ஆளுயரத்துக்குத் தொங்குகிறது. கீழே மேனேஜர் பெயர். "வீட்டுக்கு ஒரு பிரிண்ட் போட்டுக்கிறேன்பா" என்று என்னிடம் நெகட்டிவ் வாங்கிப் போனவர். அந்தக் குளிரில் பாலத்துக் கைப்பிடிச் சுவர்மேல் கேமராவை வைத்து, மூச்சை அடக்கி நான் நின்றபோது, அவர் ஓட்டலில் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினார்.

என்னோடு வேலை செய்யும் பழவேற்காட்டு பஷீர் கொதித்தான். "இன்னாண்ணே, உன் படத்துக்கு அந்தாளு பேர போட்டுக்கினான். நீ கம்முனு கீறியே?"

கேட்கத்தான் கிளம்பினேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. ஆற்றுக்கு வலப்புறம் இருக்கவேண்டிய பழைய கல் கட்டடங்கள் இடப்புறம் இருந்தன. புதுக் கோபுரங்கள் வலப்புறம். ஸ்டுடியோவில் நெகட்டிவைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். விளக்குப் பலகைகளின் சீன எழுத்து அத்தனையும் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிக் கிடக்கிறது. கும்மிடிப்பூண்டியில் அது யாருக்குத் தெரியும்? நாளைக் காலை புது மெஷினைப் பொருத்த ஷாங்காயிலிருந்து வரும் நான்கு பேருக்குத் தெரியும்.

மேனேஜர் வந்து நின்றார். "நானே எடுத்ததுன்னு அவங்ககிட்ட சொல்லப் போறேன். நேரா மாட்டியிருக்கானா பாரு."

ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். ஒரு நூல் சாய்ந்திருந்தது. நேராக்கினேன்.

"இப்ப பிரமாதமா இருக்கு சார்."

நாளை வருகிறவர்களுக்கு டீ கொண்டுபோகும் வேலையை பியூனிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். மேனேஜர் முகத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும்.