பிழியாத புடவை

இன்று காலை என் ஒன்பது கஜத்தைப் பிழியாமலே கொடியில் போட்டேன். முற்றமெல்லாம் சொட்டுகிறது. முழங்கை வலி மறுபடி வந்திருக்கிறது. வேறு யாராவது பிழிந்து தரலாம்தான்; ஆனால் குளித்து மடியாக இருப்பவள்தானே மடிப்புடவையைத் தொடலாம்? நீ இருந்தால் ஓடி வந்திருப்பாய்.

முதல் தடவை வலி வந்தபோது நம் ஸ்ரீவராகம் தெருவுக்குக் குழாய் வந்திருக்கவில்லை. கிணற்றில் இறைத்து இறைத்து, டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் போயிற்று. வைத்தியர் தைலம் கொடுத்துவிட்டு, "தைலம் பாதிதான் கேக்கும். முறுக்கறது, இறைக்கறது ரெண்டும் ஆறு வாரத்துக்குக் கூடாது. எதையாவது தூக்கணும்னா உள்ளங்கை மேல பாக்கட்டும்" என்றார். இரண்டே மருமகள்கள் உள்ள வீட்டில் ஆறு வாரமா? என் ஓர்ப்படி நீதான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "மன்னி, கெணத்தடிப் பக்கம் வந்தேள்னா கயித்தை ஒளிச்சு வச்சுடுவேன், கேட்டேளா!" என்று மிரட்டினாய். இரண்டு பேர் வேலையையும் ஒருத்தியாகச் செய்தாய். என் கை தேறிவிட்டது.

மறு வருஷம் மாமனார் திவசத்துக்கு நாலு நாள் இருக்கும்போது உன் கையைக் காட்டினாய். அதே இடம். "மன்னி, ஆட்டுக்கல்லைச் சுத்த முடியலை" என்றாய். என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. "நான் ஆறு வாரம் உக்காந்ததைப் பாத்துட்டு உனக்கும் ஆசை வந்துடுத்தாக்கும்?" என்று கேட்டேன். பட்டவளுக்குத்தான் வலி தெரியும் என்பார்கள். நான் பட்டவள்தான், வேலை என் தலையில் விழுமே என்ற பயத்தில் தெரியாதவளாகிவிட்டேன்.

அந்தக் கையாலேயே நீ வடைக்கு அவ்வளவு உளுந்தையும் அரைத்தாய். திவசத்தன்று பரிமாற வந்தபோது பாயசப் பாத்திரம் கையிலிருந்து நழுவியது. எல்லாரும் உன்னைத் திட்டினார்கள். "அவளுக்குக் கை வலி" என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். குனிந்து தரையைத் துடைத்தேன்.

மறுநாள் உன் அண்ணா வந்து உன்னைச் சுசீந்திரத்துக்கு அழைத்துப் போனார். உன் அம்மா இரண்டு மாசம் கயிற்றையும் கல்லையும் தொட விடவில்லையாம். திரும்பி வந்தவள் பழையபடி சிரித்தாய். வாளியை மட்டும் உள்ளங்கை மேலே பார்க்கத் தூக்கினாய். தினமும் பார்த்தேன். ஆனாலும் கேட்கவில்லை. கேட்டால் அந்த வலி நிஜம்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே! அந்த வீம்பிலேயே எட்டு வருஷம் ஒரே அடுக்களையில் நின்றோம். பிறகு மூன்று நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய்.

உன் காரியங்களுக்கு வந்த உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "மன்னிதான் எனக்கு எல்லாம்னு சொல்லிண்டே இருப்பா" என்றாள். அவளிடமும் நான் வாயைத் திறக்கவில்லை. உன்னிடம் கேட்க வேண்டியதை வைத்துக்கொண்டு, கேட்க ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்குக் கை தேவலையாயிடுத்தாடி?