மதகைப் பற்றி உன் அம்மா எழுதிய இரண்டாவது செய்தி

அன்பு மகள் நிங்ரும் அறிய அப்பா எழுதுவது. இறைவன் அருளால் நானும் உன் அம்மாவும் இரண்டு ஆடுகளும் சுகமாக இருக்கிறோம், தைப்பேயில் நீயும் நீ பார்த்துக்கொள்ளும் அந்தப் பெரியவரும் அப்படியே இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறேன். கைபேசியில் தட்டுவது எனக்குக் கைவராது, பக்கத்து வீட்டு விவின் அங்கே வேலைக்குத் திரும்புகிறாள், அவளிடம் இதையும் சோயா தெம்பே வறுவலையும் கொடுத்தனுப்புகிறேன்.

முக்கியமான சேதி, உன் அம்மா இப்போது நிருபர். சிரிக்காதே, எல்லாம் நீ வாங்கித் தந்த கைபேசியில்தான். சோலோ நகரத்தில் சில பிள்ளைகள் ஓர் இணையச் செய்தித்தளம் நடத்துகிறார்கள், யார் வேண்டுமானாலும் தன் ஊர்ச் செய்தியைப் படத்தோடு எழுதி அனுப்பலாம். நம் வாய்க்கால் மதகு துருப்பிடித்து இறுகி, நாற்றெல்லாம் மஞ்சள் பாரித்துக் கிடந்தது. பாசன அதிகாரி ஹர்யந்தோ "பாக்கலாம், பாக்கலாம்" என்றே காலத்தை ஓட்டினார். அமைச்சர் வந்தாலொழியப் பத்திரிகைக்காரர்கள் நம் பக்கம் தலைகாட்ட மாட்டார்கள். சரி, நானே எழுதுகிறேன் என்று உன் அம்மா உட்கார்ந்தாள். ஆனால் ஜாவாக்காரி அல்லவா, பெரிய மனிதரைக் குறை சொல்ல வாய் வருமா? அதிகாரியின் உடல்நலம் விசாரித்து, உழைப்பை மெச்சி, மதகும் அவருடைய அன்புப் பார்வைக்குக் காத்திருக்கிறது என்று முடித்திருந்தாள். அந்த மனிதர் அதை அச்செடுத்து, சட்டம் போட்டு, அலுவலகச் சுவரில் மாட்டிவிட்டார். நன்றி சொல்லி ஒரு சீப்பு வாழைப்பழம் வேறு அனுப்பினார். அதைத் தின்றுகொண்டே நான் சிரித்ததில் அன்று எனக்குக் காப்பி கிடைக்கவில்லை.

பிறகு மறுபடி எழுதினாள். மதகு எப்போதிலிருந்து திறக்கவில்லை, யாரிடம் சொன்னோம், அவர் என்ன சொன்னார், யார் யாருடைய நாற்று காய்கிறது, அவ்வளவுதான், ஒரு நயவார்த்தை இல்லை. அப்படியே அனுப்பிவிட்டாள். மறுநாளே ஊர்த்தலைவர் வந்து, "என்னக்கா, மூஞ்சியில அடிச்ச மாதிரி எழுதிட்டீங்க, ஊருக்கே கெட்ட பேரு, எடுத்துடுங்க" என்றார். அவள் தேநீர் ஊற்றிக் கொடுத்து, "அதுல ஒரு வரி பொய்னு காட்டுங்க, இப்பவே எடுத்துடறேன்" என்றாள். அவர் தேநீரைக் குடித்துவிட்டுப் போனார். அண்டை வீட்டார் சிலர் முகம் கொடுத்துப் பேசவில்லை, ராத்திரியெல்லாம் புரண்டாள், ஆனாலும் எடுக்கவில்லை. அதைப் படித்துவிட்டு நகரத்துப் பத்திரிகை நிருபரே வந்து அவளிடம் விவரம் கேட்டுக் குறித்துக்கொண்டு போனார். அந்த வாரமே ஹர்யந்தோ ஆட்களோடு வந்து மதகைத் திறந்தார். தண்ணீர் நாற்றங்காலுக்குள் பாய்வதை அவள் வரப்பில் நின்று படம் எடுத்தாள், எனக்குப் பெருமை தாங்கவில்லை, இவள் என் பெண்டாட்டி என்று எல்லோரிடமும் சொல்ல வேண்டும் போல இருந்தது. ஹர்யந்தோ திறந்துவைத்ததையும் மறக்காமல் எழுதினாள்.

இப்போது உன் விஷயம். நீ அனுப்பும் செய்திகளை நேற்று அம்மாவை மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். முதலாளியம்மா தங்கமானவர், வேலை சுலபம், சாப்பாட்டுக்குக் குறையில்லை. எல்லாம் உன் அம்மாவின் முதல் செய்தியைப் போலவே இருக்கிறது, கண்ணு. நாங்களும் அதைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டோமோ என்று பயமாக இருக்கிறது.

இறைவன் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் காக்கட்டும். இனிமேல் எங்களுக்கு இரண்டாவது செய்தியைப் போல எழுது.

உன் அப்பா,
சுவர்தி