சம்பந்தி உட்கார்ந்த பலகை

ஜூன் 3

இன்று பலகை மூன்று முறை ஓடிப்போனது. மேலே இழைப்புளியை வைத்து ஒரு தள்ளு தள்ளினால், மரம் சீவப்படுவதற்குப் பதிலாகப் பலகையே மேசையை விட்டு வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் முட்டி நிற்கிறது. தூக்கி வந்து வைத்தேன். மறுபடி ஒரு தள்ளு, மறுபடி சுவர். பார்க்கிறவர்களுக்கு நான் மரவேலை செய்கிறேனா, ஆடு மேய்க்கிறேனா என்று சந்தேகம் வந்திருக்கும்.

இத்தனைக்கும் இது எங்கள் சாப்பாட்டு மேசை. புது மேசை செய்ய ஒரு மேசை வேண்டுமே என்று இதைக் கார் ஷெட்டுக்குக் கடத்திக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் எல்லோரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம். மகன் கேட்டான்: "புது மேசை வந்த அப்புறம் பழசை எடுத்திருக்கக் கூடாதாம்மா?"

கேள்வி நியாயமானது. அதனால் பதில் சொல்லவில்லை.

ஜூன் 5

இரண்டு முனையிலும் இரும்புக் கிளாம்ப் போட்டு முறுக்கினேன். பலகை அசையவில்லை. இழைப்புளியும் அசையவில்லை, நேரே போய்க் கிளாம்பில் இடித்து நின்றது. கிளாம்பைக் கழற்று, ஒரு சாண் நகர்த்து, முறுக்கு, கொஞ்சம் இழை, மறுபடி கழற்று. இழைத்த நேரத்தைவிட முறுக்கின நேரம் அதிகம். மணிக்கட்டு போயிற்று.

ஜூன் 6

ஆணி அடித்துப் பார்த்தேன். இழைப்புளி ஆணியில் ஏறி, பிளேடின் முனை உடைந்தது. மேலே எழுத விருப்பமில்லை.

ஜூன் 9

சம்பந்தி வந்து இறங்கினார், மருமகளின் அம்மா. அவர் வாடகைக்கு இருந்த வீட்டை விற்றுவிட்டார்களாம். வேறு வீடு கிடைக்கிற வரைக்கும் எங்களோடு. சின்ன அறையை ஒழித்துக் கொடுத்தோம்.

நல்ல மனுஷி. சிரமமே அதுதான். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லா வண்டியின் தாமதத்துக்கும் ஊரிடம் மன்னிப்புக் கேட்ட குரல் அது. வீட்டிலும் அப்படியே. தண்ணீர் குடித்தால் மன்னிப்பு, நாற்காலியை இழுத்தால் மன்னிப்பு.

"உங்களுக்கு ரொம்பச் சிரமம் குடுக்குறேன் சம்பந்தி."

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க சம்பந்தி."

நானோ கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பக்கத்து இருக்கையிலிருந்து "பிரேக்! பிரேக்!" என்று அலறியே வாழ்ந்த தொண்டை. ஒரு நாள் முழுக்க மரியாதையாகப் பேசியதில் தாடை வலிக்கிறது.

ஜூன் 11

மகன் தலையைச் சொறிந்துகொண்டே வந்தான். "அத்தை இங்கயே இருந்துட்டா என்னம்மா? உன் மருமக உன்கிட்ட கேக்கப் பயப்படுறா."

"பாக்கலாம்" என்றேன். முகம் விழுந்துவிட்டது அவனுக்கு.

எனக்கு அந்த அம்மாளைப் பிடிக்காமலா? இல்லை. ஆனால் ஆயுசுக்கும் இப்படி "பரவாயில்லைங்க, இருக்கட்டுங்க" என்று— என் வீட்டில் நானே விருந்தாளி மாதிரி நுனி நாற்காலியில்— முடியாது சாமி. இதை அவனிடம் எப்படிச் சொல்வது? உன் மாமியார் ரொம்ப மரியாதை தெரிஞ்சவங்க, அதனால வேணாம்னா?

ஜூன் 14

சம்பந்தி காபி கொண்டு வந்த நேரம் பார்த்துப் பலகை ஓடியது. நானும் பின்னால் ஓடினேன்.

"நான் வேணா பிடிச்சுக்கட்டுங்களா?"

பிடித்தார். அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. காபியைக் கீழே வைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். பலகையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்! கால் இரண்டும் தொங்க, கைகளை மடியில் கோத்துக்கொண்டு, போட்டோ பிடிக்க வந்தவர் போல.

முன்பாதியை இழைத்தேன். இம்மி அசையவில்லை. "இப்ப இந்தப் பக்கம் வந்துடுங்க சம்பந்தி." வந்தார். பின்பாதியும் ஆயிற்று. மரச்சுருள் எல்லாம் அவர் பாதத்தில்.

இறங்கும்போது, "ஒன்றாவது பலகை சற்றுத் தாமதமாகப் புறப்படும்" என்றார், நிலையத்துக் குரலில். நிமிர்ந்து பார்த்தேன். உதட்டோரம் துடித்தது. இந்த அம்மாள் ஜோக் அடிக்கிறார்!

ஜூன் 17

தினமும் காபி வேளையில் வந்து ஏறிக்கொள்கிறார். உட்கார்ந்தால் பேச்சு வருகிறது அவருக்கு. ஒரு முறை மைக்கை அணைக்க மறந்துவிட்டு மேலதிகாரியைப் பற்றித் தோழியிடம் திட்டித் தீர்த்தாராம். அத்தனை பிளாட்பாரத்திலும் கேட்டிருக்கிறது. "பயணிங்க கை தட்டினாங்க சம்பந்தி. அப்புறம் அதே மைக்குல என்னை மன்னிப்புக் கேக்க வச்சாங்க. அதுக்கும் தட்டினாங்க."

நான் சிரித்த சிரிப்பில் இழைப்புளி ஒரு பக்கமாகச் சாய்ந்து பலகையில் பள்ளம். பரவாயில்லை, அடிப்பக்கம் ஆக்கிவிடலாம்.

ஜூன் 19

சண்டை. நிஜச் சண்டை.

பெரிய பலகை முடிந்தது. இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தேன், கண்ணாடி மாதிரி சமம். சம்பந்தி கீழே இறங்கினார். பலகை மெதுவாக நடுவில் எழும்பியது! அதற்குப் பிறந்ததிலிருந்தே கூன் இருந்திருக்கிறது. அவர் பாரத்தில் அமுங்கிக் கிடந்திருக்கிறது. அமுங்கினதை நான் சமமாக்கியிருக்கிறேன். பாரம் எடுத்ததும் பழையபடி கூன்.

கத்திவிட்டேன். ஓட்டக் கற்க வந்தவர்களிடம் கத்துகிற மாதிரியே. "இப்படியா அழுத்தி உக்கார்றது!"

"அழுத்தாம எப்படி உக்கார்றதுன்னு கத்துக் குடுங்களேன்!" அது மைக் தேவைப்படாத குரல். "இடுப்பு ஒடிய உக்காந்திருக்கேன். பலகையில கூன் இருக்கா இல்லையான்னு முதல்லயே பாக்கணுமா வேணாமா? மரவேலை நீங்க செய்யறீங்களா நான் செய்யறேனா?"

விருட்டென்று உள்ளே போய்விட்டார். மன்னிப்புக் கேட்கவில்லை. சின்ன அறைக் கதவு படாரென்று சாத்துகிற சத்தம். இந்த வீட்டில் அந்தக் கதவை மெதுவாகச் சாத்திச் சாத்தியே அவர் வாழ்ந்துகொண்டிருந்தார்.

கோபமாகத்தான் இருக்கிறது. கூடவே ஏதோ நிம்மதியாகவும் இருக்கிறது. ஏன்?

ஜூன் 20

ஒரு வார்த்தை இல்லை. மருமகள் தன் அம்மா முகத்தையும் என் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே ஒரு வாய்கூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பாவம், குழந்தை.

ஜூன் 21

சம்பந்தி ஷெட் வாசலில் வந்து நின்றார். காபி இல்லை.

"நீங்க தள்ளுறது ஒரே பக்கமாத்தானே?"

"ஆமா."

"அப்போ அது ஓடறதும் ஒரே பக்கந்தான். தண்டவாளம் முடியிற இடத்துல ஒரு முட்டுக்கட்டை வச்சிருப்பாங்க. அவ்வளவுதான். ரயிலை யாரும் நாலு பக்கமும் கட்டிப் போடறதில்ல. மேல ஏறி யாரும் உக்கார்றதும் இல்ல."

காரைக் கிளப்பிப் போய் மரக்கடையில் ஒரு ரீப்பர் கட்டை வாங்கி வந்தோம். பலகையைவிட உயரம் குறைவாக, மேசையின் முன் முனையில் குறுக்கே. இரும்பு மேலே தெரியக் கூடாது என்று திருகு எல்லாவற்றையும் அடியிலிருந்து முடுக்கினோம். பலகை இப்போது ஓடிப் போய்க் கட்டையில் முட்டி நிற்கிறது. பின்பக்கம் மட்டும் வால் ஆட்டியது. அதற்கு மருந்து நான் கண்டுபிடித்தேன்: ஒரு துண்டுக் கட்டையில் வாய் பிளந்த மாதிரி வெட்டி, அந்த வாயால் பலகையின் பின் மூலையைக் கவ்விக்கொள்ளும்படி மேசையோடு ஒரு கிளாம்ப். கிளாம்ப் இழைப்புளியின் வழிக்கே வரவில்லை. கூனின் அடியில், அதை அமுக்காமல், எவ்வளவு இடைவெளியோ அவ்வளவுக்கு மட்டும் மெல்லிய ஆப்புகள் செருகினோம்.

முட்டுக்கட்டை போடுவது கெட்ட காரியம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஜூன் 22

இழைத்தேன். நாடா நாடாவாகச் சுருள் வந்தது. ஆப்பை உருவினேன். பலகை அப்படியே கிடந்தது. எழும்பவில்லை!

காபி வேளைக்குச் சம்பந்தி வந்தார். பலகையைத் தடவிப் பார்த்தார். உட்கார இடம் தேடுகிற மாதிரி ஒரு கணம் நின்றார். பிறகு, "நான் உள்ள இருக்கேன்" என்று போய்விட்டார்.

நல்ல கண்டுபிடிப்புத்தான். ஆள் தேவையில்லாமல் பண்ணிவிட்டது.

ஜூன் 23

ஹாலிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து ஷெட்டில் போட்டேன். மகன் எதற்கு என்றான். "சும்மா" என்றேன். சாயங்காலம் நாற்காலியில் ஆள் இருந்தது.

ஜூன் 27

சம்பந்திக்கு வீடு கிடைத்துவிட்டது. பார்த்துவிட்டு வரலாம் என்று நான்தான் காரில் அழைத்துப் போனேன்.

குழாயைத் திறந்து, தண்ணீர் மெல்லிசாக வருகிறது என்றேன். கதவு கிறீச்சிடுகிறது என்றேன். வெளிச்சம் அதிகம், கண் கூசும் என்றேன். வீட்டைக் காட்ட வந்த பையன் சாவியைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தான். மாடிப்படி இறங்கும்போது சம்பந்தி நின்றுவிட்டார்.

"நிஜமா சொல்லுங்க. இந்த வீட்டுல என்ன குறை?"

"ஒண்ணுமில்ல. நல்ல வீடு. அதான் கடுப்பா இருக்கு."

இத்தனை பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவளுக்கு ஒரு வாக்கியம் கிளம்ப மாட்டேன் என்கிறது. கடைசியில் கத்திவிட்டேன், படிக்கட்டு முழுக்க எதிரொலிக்க:

"வேணாம்னு சொல்லிடு!"

சொன்ன பிறகுதான் உறைத்தது, என்ன சொன்னேன், எப்படிச் சொன்னேன் என்று. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் கைப்பையில் எதையோ தேடினாள், தேடிக்கொண்டே இருந்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி. நீ வண்டிய எடு" என்றாள்.

ஜூலை 2

சம்பந்தி இனி இங்கேதான் என்று மகனிடம் சொன்னேன். "எப்பம்மா ரெண்டு பேரும் முடிவு பண்ணீங்க?" என்று கேட்டான். மாடிப்படியில் என்றேன். மருமகள் வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சட்டையெல்லாம் மரத்தூள் அவளுக்கு.

ஜூலை 19

புது மேசையில் சாப்பிட்டோம். கொஞ்சம் ஆடுகிறது. யாரும் அதைப் பற்றிப் பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 8

சின்ன அறைக்கு அலமாரி செய்கிறோம். "நானும் இழைச்சுப் பாக்கறேனே" என்று நேற்று சம்பந்தி என் கையிலிருந்து இழைப்புளியை வாங்கினாள். அப்போதுதான் தெரிந்தது, அவளுக்கு இடக்கை. என் முட்டுக்கட்டை அவளுக்குத் தப்பான பக்கத்தில் இருக்கிறது. இன்று காலையில் மேசையின் மறு முனையிலும் ஒரு கட்டை பூட்டினோம். இப்போது எதிரெதிர் முனையில் நின்றுகொண்டு, யார் முதலில் இழைப்பது என்று ஒரே சண்டை. அவள் குரல்தான் பெரியது. இதை அவள் சத்தத்துக்கு நடுவிலேயே எழுதிக்கொண்டிருக்கிறேன். "வர்றேன், இரு!"